அந்தத் தட்டில் இருந்ததும் சமையல்தான்

ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்ட அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று நான்கு நாட்கள் பொறுத்திருந்தேன். எங்கள் குடும்பக் குழுவில் இருக்கும் பலர் இங்கேயும் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் இதற்குள் விஷயம் எட்டியிருக்கும். எங்கள் வீட்டு மேசையில் இருந்த தட்டைப் படம் பிடித்து, "பாவம் பிள்ளைகள்" என்ற இரண்டே சொற்களோடு அனுப்பியவர் எனக்குப் பெரியம்மா முறை. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியவர். அவர் மீதிருந்த மரியாதை இன்றும் குறையவில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த அழுகை முகங்களையும், "காலம் அப்படி" என்ற பெருமூச்சுகளையும் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தத் தட்டில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டி, முட்டையும் பாலும் கலந்த கரைசலில் தோய்த்து, நெய்யில் நான்கு பக்கமும் சிவக்கவிட்டு, ஏலக்காய்ச் சர்க்கரையில் புரட்டி எடுத்த பிரெட் சுருள்கள் எட்டு. நம் ஊரில் பாம்பே டோஸ்ட் என்று சொல்கிறோமே, அதற்கு உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்தவன் நான். அது சமையல்தான். இதை இந்தப் பதிவில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கடையில் வாங்கிய பிரெட்டைப் பிரித்துத் தட்டில் போட்டுவிட்டதாக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அடுப்படியில் நிற்கிறேன். ஒரு மூடித் தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு, முக்கால் கப் வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் கொதிக்கவிட்டு, அதில் துருவலைப் போட்டுக் கிளற வேண்டும். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கரண்டியை விட்டுக் கையை எடுக்கக் கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் பாகு பிரெட்டிலிருந்து கசிந்து, கல்லில் வழிந்து கரிந்துவிடும். பிறகு பிரெட்டின் நான்கு ஓரங்களையும் வெட்டி எடுத்து (அவை காய்ந்து, பொடியாகி, கட்லெட்டுக்குப் போகும்), துண்டைப் பூரிக்கட்டையால் மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். சாதாரண டோஸ்ட்டுக்கு ஒரு நாள் பழையதான பிரெட் நல்லது, கரைசலைக் குடித்துவிட்டும் குழையாமல் நிற்கும். சுருளுக்கு அது ஆகாது. காய்ந்த துண்டு சுருட்டும்போதே முதுகில் வெடித்துவிடும். புதிய பிரெட் கிடைக்காத நாளில், இட்லிப் பானையில் அரை நிமிடம் ஆவி காட்டினால் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

ஒரு தேக்கரண்டிப் பூரணத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கடைசி விளிம்பில் ஒரு விரற்கடை இடம் விட்டு, அங்கே பாலைத் தொட்டு ஒட்ட வேண்டும். இரண்டு முட்டைக்குக் கால் கப் பால், ஒரு சிட்டிகை உப்பு. அதில் சுருளை முக்கியவுடன் எடுத்துவிட வேண்டும், ஊற விடக் கூடாது. கல்லில் வைக்கும்போது ஒட்டிய விளிம்பு கீழே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முதலில் இறுகிவிட்டால் சுருள் பிரியாது. தீ மட்டாக எரிய வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து, உள்ளே முட்டை பச்சையாகவே நிற்கும். எட்டுச் சுருள்களையும் நான்கு பக்கம் திருப்பி எடுக்க அரை மணி நேரம் கல்லை விட்டு நகர முடியாது. இவ்வளவையும் செய்துவிட்டு நிமிர்ந்தால், "பாவம் பிள்ளைகள்".

மைதா மாவைப் பிசைந்து, உள்ளே இதே பூரணத்தை வைத்து, தட்டி, நெய் விட்டுச் சுட்டெடுத்தால் அதற்குப் போளி என்று பெயர். அதே மைதாவில் இனிப்புப் பூரணத்தை மடித்து எண்ணெயில் பொரித்தால் அது சோமாசி, தீபாவளிப் பலகாரம். போளி செய்பவரின் கைமணத்தைப் புகழ்கிறோம், சோமாசியைச் சம்படத்தில் போட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பூரணம் அதேதான், நெய் அதேதான், மாவும் அதேதான். பிரெட்டுக்குள் போன மாத்திரத்தில் அது எப்படிப் பாவப்பட்ட சாப்பாடாக மாறியது? இதற்கு ஒருவராவது நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், பெரியம்மாவின் தலைமுறைக்குப் பிரெட் என்பது காய்ச்சல்காரரின் உணவு. எனக்கும் அப்படித்தான் அறிமுகமானது. காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குள் பிரெட் பாக்கெட் வரும். சூடான பாலில் முக்கி, வாயில் வைத்ததும் கரையும் அந்தத் துண்டை அம்மா ஊட்டிவிடுவார். மருத்துவமனைக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் கையிலும் ஒரு பிரெட் பாக்கெட், நாலு சாத்துக்குடி இருக்கும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும் பிள்ளையின் தட்டில் பிரெட்டைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கலாம். அதை நான் உண்மையிலேயே புரிந்துகொள்கிறேன். அந்தச் சங்கடத்தை என்னிடம் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். நாற்பது பேர் இருக்கும் குழுவில் படமாகப் போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது ஒன்றும் நேற்று முளைத்த நாகரிகமும் இல்லை. அப்பீசியஸ் பெயரில் வழங்கும் பண்டைய உரோமச் சமையல் தொகுப்பிலேயே, வெள்ளை ரொட்டியின் மேலோட்டை நீக்கி, பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் 'இழந்த ரொட்டி'. காய்ந்து, தூக்கிப்போட வேண்டியதாகிவிட்ட ரொட்டியை மீட்டெடுப்பதால் அந்தப் பெயர். ஜெர்மானியர்கள் 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். ஸ்பெயினில் தவக்காலத்திலும் புனித வாரத்திலும் வீட்டுக்கு வீடு தொரிஹா செய்கிறார்கள். போர்ச்சுகலில் கிறிஸ்துமஸுக்கு ரபனாதா. ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். இத்தனை ஊர்களில் பிள்ளைகளுக்குப் பிரியமாகச் செய்து கொடுப்பதை நம் வீட்டில் செய்தால் மட்டும் பிள்ளைகள் பாவமாகிவிடுவார்களா?

மைதா உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். நல்லதல்ல, இனிப்பும் அதிகம்தான். அதனால்தான் வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு இரண்டு. மற்ற ஆறு நாட்களும் இட்லி, தோசை, கேழ்வரகுக் கூழ் என்றுதான் எங்கள் வீடும் ஓடுகிறது. அந்த ஆறு நாட்களில் ஒருவரும் வந்து படம் எடுக்கவில்லை.

பூரணத்தை முட்டையோடு சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சுருளை நான் முதன்முதலில் செய்ததே பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்தான். கொழுக்கட்டைக்குக் கிளறிய பூரணம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, பிரெட் பாக்கெட்டுக்கு அன்றோடு தேதி முடிந்தது, இரண்டையும் சேர்த்துவிட்டேன். அம்மாவுக்கு அது மனக்கஷ்டமாகிவிட்டது. அன்று முதல் இதற்கென்று தனியாகத்தான் பூரணம் கிளறுகிறேன். கார்த்திகை விரத நாளில் அம்மாவுக்கு முட்டை இல்லாமல், பாலில் ஒரு கரண்டி கஸ்டர்ட் பவுடர் கரைத்து, அதில் தோய்த்துக் கொடுக்கிறேன். அம்மா இரண்டு சாப்பிடுகிறார்.

அந்த முதல் நாளை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். பிரெட் பழையது, பூரணமும் தளர்ந்திருந்தது. சுருள் வெடித்து, வெல்லம் கல்லில் ஒழுகி, வீடு முழுக்கக் கரிந்த வாசனை. என் மனைவி செவிலியர் என்பது உங்களுக்குத் தெரியும். இரவுப் பணி முடிந்து எட்டேகால் மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, உடைந்த சுருள் ஒன்றை எடுத்து நின்றபடியே சாப்பிட்டாள். "அடுத்த தடவை பூரணத்தை இன்னும் கொஞ்சம் வற்ற விடுங்க" என்றாள். அடுத்த தடவை என்று அவள் சொன்னதால்தான் அது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாயிற்று.

இப்போது உண்மையில் எனக்கு வலித்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் படத்துக்குக் கீழே வந்த பதில்களில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. "அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது", "வேலைக்குப் போகிற வீட்டில் இப்படித்தான்", "ஒரு தோசை ஊற்ற முடியாதா அவளால்". தேங்காய் துருவியவன் நான். சுருட்டியவன் நான். அரை மணி நேரம் கல்லின் முன் நின்றவன் நான். குறை சொல்வதாக இருந்தால் என்னைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் ஓர் ஆண் சமைத்திருப்பான் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. சமையல் பிசகினாலும் அவள், சமையல் பிடிக்காவிட்டாலும் அவள், அவள் அடுப்பையே தொடாத நாளிலும் அவள். இரவெல்லாம் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கும் யாரோ ஒருவருடைய குழந்தைக்கும் கண் விழித்துவிட்டு வந்தவள், தூங்கி எழுந்து கைபேசியைத் திறந்து இதைத்தான் படித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலையே இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாள்.

ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா, பெரியவர்கள் ஏதோ அக்கறையில் சொன்னார்கள் என்று விடக் கூடாதா என்று நினைப்பவர்கள் இருப்பீர்கள். அக்கறை இருந்திருந்தால் பெரியம்மா ஒரு சுருளை எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்திருப்பார். தட்டை அவர் பக்கம் இரண்டு முறை நகர்த்தினேன். தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு என் மகள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அப்பா, நாம பாவமா?" என்று கேட்டாள். ஒன்பது வயது, அம்மாவின் கைபேசியில் படித்திருக்கிறாள். இல்லையம்மா என்றேன். இந்த ஞாயிறு என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, "இட்லியே போதும்ப்பா" என்றாள். இட்லி என்றால் பாதியை மீதம் வைக்கிற பிள்ளை அவள்.

பெரியம்மா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கு வாருங்கள். கல்லைக் காய வைத்துக் காத்திருக்கிறேன். உங்களுக்கு முட்டை சேர்க்காமல் தனியாகச் செய்து தருகிறேன். முதல் சுருளைச் சர்க்கரையில் புரட்டி, எனக்கு அன்று ஊட்டிய அதே கையால் என் மகளின் தட்டில் நீங்களே வையுங்கள்.