"5,000 ஆண்டுப் பழமை" என்கிறோம், பெயர்களை விட்டுவிடுகிறோம்

யோகா வகுப்புகளில் அடிக்கடி கேட்கிற வரி ஒன்று உண்டு: "5,000 ஆண்டுகளாக அப்படியே வருகிற கலை இது." நானும் பல பேரிடம் இதைப் பெருமையாகச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. யோகாவின் மேல் மதிப்பு கூடியதால்தான் விட்டுவிட்டேன்.

யோகாவின் பழைய மூல நூலான பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி இருப்பவை மூன்றே சூத்திரங்கள். உறுதியாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறார், அவ்வளவுதான். எந்த ஆசனத்தின் பெயரும் அதில் கிடையாது. பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற நூல் 15 ஆசனங்களை விவரிக்கிறது. பத்மாசனம், மயூராசனம், சவாசனம் எல்லாம் உண்டு. நின்றபடி செய்வது ஒன்றுகூட இல்லை. நமக்கு ஆரம்ப வகுப்பிலேயே சொல்லித்தரும், நின்றபடி செய்கிற திரிகோணாசனம் அதில் இல்லை.

அப்படியென்றால் நாம் செய்வது போலியா? இல்லவே இல்லை. அதைச் செய்து கொடுத்தவர்கள் நமக்கு மிக அருகில் வாழ்ந்தவர்கள்.

1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். பின்னாளில் அஷ்டாங்க யோகா முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் அங்கே படித்தவர். காசநோய் வந்து மெலிந்துபோன பையன் ஒருவனும் அங்கே வந்து சேர்ந்தான், கிருஷ்ணமாச்சாரியாருடைய மனைவியின் தம்பி. அவர்தான் பின்னாளில் பி.கே.எஸ். ஐயங்கார். உடம்பு வளையாதவரும் ஆசனம் செய்யட்டும் என்று கயிறு, கட்டை, நாற்காலி எல்லாவற்றையும் துணைக்குக் கொண்டுவந்தவர். ரிகாவில் பிறந்த இந்திரா தேவி கற்றுக்கொள்ள வந்தபோது, வெளிநாட்டவர், அதுவும் பெண் என்று கிருஷ்ணமாச்சாரியார் மறுத்திருக்கிறார். அரசர் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மையார் 1940களின் கடைசியில் ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கினார்! அப்புறம் 1950களில் சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார், ஒவ்வொருவரின் வயதும் உடல்நிலையும் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். இத்தனை பேரின் உழைப்பையும் "ஆதிகாலத்துக் கலை" என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறோம்.

ஜப்பானைப் பாருங்கள். ஜூடோவை 1882இல் உருவாக்கியவர் கானோ ஜிகோரோ. ஜூஜுட்ஸு என்ற பழைய தற்காப்புக் கலையின் முறைகளைக் கற்று, ஆபத்தான பிடிகளை விலக்கி, மாணவர்கள் முழு பலத்தோடு பயிற்சி செய்யும்படி மாற்றினார். பல பயிற்சிக்கூடங்களில் இன்றும் அவர் படம் மாட்டியிருக்கும், பிள்ளைகள் அதற்குத் தலைவணங்குவார்கள். தொடங்கிய ஆண்டைச் சொல்வதால் ஜூடோவின் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

பரதநாட்டியத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். 2,000 ஆண்டு என்று சொல்லி நேரே கோயில் சிற்பத்துக்குப் போய்விடுகிறோம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவுக்கு வரும் கச்சேரி வரிசையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். அந்த மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி கற்றார். தலைமுறை தலைமுறையாக ஆடிக் காத்த தேவதாசிக் குடும்பங்களின் பெண்களோ அவமானத்தோடு ஒதுங்க வேண்டியிருந்தது. பாலசரஸ்வதி போன்ற ஓரிருவரைத் தவிர மற்றவர்களின் பெயர் இன்று எத்தனை அரங்கேற்ற மேடைகளில் ஒலிக்கிறது? நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

ஒரு கலை சிலைக்குள் இருந்து தானாக இறங்கி வருவதில்லை. ஒருவர் இன்னொருவருக்குத் தொட்டுத் திருத்திக் கொடுத்தால்தான் வரும். தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளு, மூச்சை அடக்காதே என்று யாரோ சொல்ல வேண்டும்.

போன மாதம் வகுப்பு முடிந்ததும் என் ஆசிரியையிடம், "நீங்கள் யாரிடம் கற்றீர்கள், மேடம்?" என்று கேட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று அரை மணி நேரம் பேசினார். பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாராம். இதை அவரிடம் யாருமே கேட்டதில்லையாம்.