ஓசிப் பயலின் பதில்

போன வாரம் ஒரு சுங்கச்சாவடியைப் பற்றி, வசூலிப்பவர்கள் கணக்கைக் காட்டட்டும் என்று முகநூலில் எழுதினேன். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "ரோடு மட்டும் வழுவழுன்னு வேணும், காசு கேட்டா கசக்குதா, ஓசிப் பயலே" என்று எழுதிய நண்பர் (ஆமாம், இன்னும் நட்பிலிருந்து நீக்கவில்லை) இருநூறு லைக் வாங்கிவிட்டார். வாழ்த்துகள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கணக்கைக் காட்டுங்கள். சாலைக்கு எவ்வளவு செலவானது, இதுவரை எவ்வளவு வசூலானது, எப்போது முடியும்? அந்தச் சாவடியில் போர்டு இருக்கிறது. யார் யாருக்கெல்லாம் கட்டணம் கிடையாது என்ற பட்டியல் பளிச்சென்று தெரிகிறது. நான் கேட்டது மட்டும் அதில் இல்லை. அண்ணாச்சி கடையில் துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுத் தருவாரே, அந்தக் கணக்குதான் ஐயா.

ஏன் கேட்கிறேன் என்றால், டெல்லிக்கும் நொய்டாவுக்கும் நடுவே யமுனை மேல் டிஎன்டி என்று ஒரு பாலச்சாலை. 2001இல் திறந்தார்கள், செலவு சுமார் 400 கோடி. 1997இல் போட்ட ஒப்பந்தத்தில், கட்டிய தனியார் நிறுவனத்துக்கு மொத்தச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத லாபம் நிச்சயம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வசூல் அந்த அளவுக்கு வராவிட்டால் குறைந்த தொகை செலவோடு சேரும், அடுத்த வருடம் அதற்கும் சேர்த்து 20. மீட்டர் வட்டிக்காரர்கள் தோற்றார்கள். வண்டிகள் கட்டக் கட்ட பாக்கி ஏறிக்கொண்டே போனது. 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. அதுவரை பதினைந்து வருடம் தினமும் கட்டிவிட்டுப் போனவர்களும் ஓசிப் பயல்கள்தானா?

அந்தப் பாலத்தின் பின்னால் இருந்தது ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதான் ஈசிஆரில், 2002இல் சுங்கம் வந்ததே, அந்தச் சாலை நிறுவனத்தில் தமிழக அரசின் டிட்கோவுக்குக் கூட்டாளியும் அதேதான். அந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018இல் 90,000 கோடிக்கு மேல் கடனோடு விழுந்தது, எத்தனையோ பேரின் பி.எஃப். பணமும் அதில் மாட்டியது. டெல்லி மாதிரியேதான் இங்கேயும் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இருப்பதால்தான் கணக்கு கேட்கிறேன்.

"அரசாங்கம் போட்டா மட்டும் கிழிச்சிடுமா?" என்று ஒரு கமென்ட். கிழிக்காது. எங்கள் தெருவில் போட்ட தார் மூன்றாம் மாதமே ஜல்லியாகப் பெயர்ந்தது. கொச்சி விமான நிலையம் தனியார் பணமும் சேர்ந்து கட்டியதுதான், நன்றாகவே ஓடுகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

"இப்படிக் கேள்வி கேட்டா எவன் முதல் போடுவான்?" இதுதான் எனக்குப் புரியவே இல்லை. டெல்லி விமான நிலைய மெட்ரோவைத் தனியார் 2011இல் ஓட்ட ஆரம்பித்தார்கள், அடுத்த வருடமே பாலத்தில் கோளாறு என்று ரயில் நின்றது, 2013இல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஓட்டுவது அரசின் டெல்லி மெட்ரோ. நட்ட ஈட்டு வழக்கு மட்டும் 2024 வரை நடந்தது. முதல் போடுகிறவர் வக்கீலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம், நான் முகநூலில் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இன்னொருவர் எழுதியிருந்தார்: "கவர்மெண்ட் சம்பளத்துல வளர்ந்த புள்ள, இப்படித்தான் பேசும்." என் அப்பா சாலைப் பணியாளர். ரோட்டோரப் புதர் வெட்டுவது, மழைக்கு அரித்த இடத்தில் மண் போட்டுத் திமிசு அடிப்பது, குழிக்குத் தார் ஊற்றுவது. 2002இல், அதாவது ஈசிஆரில் சுங்கம் வந்த அதே வருடம், பத்தாயிரம் பேர் அளவுக்குச் சாலைப் பணியாளர்களைத் தமிழக அரசு ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது. திரும்ப எடுத்தது 2006இல். அந்த நாற்பத்தொரு மாதம் எங்கள் வீட்டில் என்ன வேகவைத்தோம் என்று அந்த கமென்ட்காரர் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அப்போது ஏழாவது. அம்மா இட்லி விற்றாள். விடுங்கள், எங்கேயோ போய்விட்டேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது ஒரு சாவடியில் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. ஒரு பையன் கம்பில் கட்டிய ஸ்கேனரைக் கண்ணாடியில் வைத்து வைத்துப் பார்த்தான். காசு இருந்தது கணக்கில், போனில் காட்டினேன். "சிஸ்டம் எடுக்கல சார், டபுள்" என்றான். பின்னால் ஹாரன். கட்டினேன். ரசீது கேட்டேன், பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டதாம்.

அப்பா அந்தச் சண்டையைக் கவனிக்கவே இல்லை. சாவடி தாண்டியதும் ஜன்னலைத் தட்டிக் காட்டினார். "ஓரமெல்லாம் அரிச்சுக் கெடக்கு பாரு, டூவீலர்காரன் எறங்குனா விழுவான். இதுக்கு ஆள் யாரு இப்ப?"