அரை நிமிஷக் குச்சியும் ஆஃபீஸ் ஆன்ட்டியும்

போன வாரம் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்டுக்கு கிளினிக் போயிருந்தேன். நர்ஸ் ஒரு ட்யூபை கையில குடுத்து "திரைக்குப் பின்னாடி எடுக்கறீங்களா, டாய்லெட்ல எடுக்கறீங்களா, உங்க இஷ்டம்"னு சொல்லிட்டு நகந்துட்டாங்க. உள்ள காது குடையற பட்ஸ் மாதிரியே ஆனா நல்ல நீளமா ஒரு குச்சி. பிறப்புறுப்புக்குள்ள கொஞ்சம் விட்டு மெதுவா சுத்தி எடுத்து ட்யூப்ல போட்டு மூடணும், அவ்ளோதான், அரை நிமிஷம். ஸ்பெகுலம்னு உள்ள விட்டு விரிக்கற கருவி கிடையாது, கால விரிச்சுப் படுத்துக்கிட்டு சீலிங்கைப் பாத்துட்டே "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்"னு கேட்டுட்டு கிடக்கற கொடுமையும் கிடையாது. பத்து வருஷமா நான் டிமிக்கி குடுத்ததே அதுக்குத்தான்.

நியூசிலாந்துல 2023 செப்டம்பர்ல இருந்து இப்படித்தான். ஸ்மியர்ங்கற பழைய டெஸ்ட்ல செல் மாறியிருக்கான்னு பாப்பாங்க, அதுக்கு கர்ப்பப்பை வாய்ல இருந்தே சுரண்டி எடுத்தாகணும். இது அந்தப் புற்றுநோயக் கொண்டுவர்ற எச்பிவி வைரஸ் இருக்கா இல்லையான்னு பாக்கற டெஸ்ட், அதுக்கு அவ்ளோ தூரம் போக வேணாம், அதனால நாமளே எடுத்துடலாம். வைரஸ் இல்லன்னா அடுத்த டெஸ்ட் 5 வருஷம் கழிச்சு.

எங்க ஆஃபீஸ்ல ஒரு மாவோரி ஆன்ட்டி இருக்காங்க, அதாவது இந்த நாட்டோட பூர்வகுடி. பதினெட்டு வருஷமா இந்த டெஸ்ட் பக்கமே போகல. இதை ஒரு பர்த்டே பார்ட்டில பேர் சொல்லாம பேச்சுவாக்குல சொன்னேன், நம்ம ஆளு ஒருத்தர் உடனே "அந்த ஜனங்களுக்கு அவேர்னஸ் பத்தாதுங்க"ன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. மாவோரி மொழில கர்ப்பப்பைக்கு தே ஃபரே தங்கதான்னு பேரு, மனுஷங்களோட வீடுன்னு அர்த்தம், அது தபு, கண்டவங்க கை படக்கூடாத இடம். வயித்துக்கும் கோயிலுக்கும் சேத்து கருவறைன்னு ஒரே வார்த்தை வெச்சிருக்கற நமக்குமா இது புரியாது? ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும். கடைசியா போனப்ப ஒரு டாக்டர் பேர் கூட கேக்காம வேலைய ஆரம்பிச்சாராம், அதோட சரி.

அதுவும் இந்த ஊர்ல நம்பிக்கை தானா வந்துடாது. ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரில 1966ல இருந்து ஹெர்பர்ட் கிரீன்னு ஒரு டாக்டர், புற்றுநோய்க்கு முந்தின கட்டத்துல இருந்த பொண்ணுங்களுக்கு சரியான ட்ரீட்மென்ட் குடுக்காம, அவங்ககிட்டயும் சொல்லாம, என்ன ஆகுதுன்னு சும்மா பாத்துட்டு இருந்தாரு. சில பேரு செத்தே போனாங்க. 1987ல ரெண்டு பெண்கள் பத்திரிகைல எழுதினப்புறம்தான் விசாரணையே வந்துச்சு.

மாவோரி பெண்கள் இந்த புற்றுநோயில சாகற விகிதம் மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல. டாலே மாரிசன்னு ரோட்டருவாக்காரங்க, காபா ஹாகாங்கற மாவோரி பாரம்பரிய ஆட்டம் ஆடறவங்க, தனக்கு வந்தப்புறம் ஸ்மியர் டெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு சொல்ற "ஸ்மியர் யுவர் மேயா" இயக்கத்தையே ஆரம்பிச்சாங்க, 2018ல போய்ட்டாங்க, வயசு 42தான். பேராசிரியர் பெவ் லாட்டன் குழு நாட்டோட வடக்குல, டெஸ்டுக்கு வராமலே இருந்த மாவோரி பெண்கள்கிட்ட இதே குச்சிய குடுத்துப் பாத்தப்ப, பழைய முறைய விட கிட்டத்தட்ட மூணு மடங்கு பேரு எடுத்தாங்க. யாருக்கும் புதுசா அவேர்னஸ் ஊசி போடல, குச்சி கை மாறுச்சு, அவ்ளோதான்.

ஆனா கவர்ன்மென்ட்டை முழுசா பாராட்ட மனசு வரல. மேமோகிராம் ஃப்ரீ, குடல் டெஸ்ட் ஃப்ரீ, இது மட்டும் எல்லாருக்கும் ஃப்ரீ இல்ல. மாவோரி, பசிபிக் தீவுக்காரங்களுக்கு ஃப்ரீ, நல்லது. ரொம்ப நாள் வராதவங்களுக்கும் ஃப்ரீ, அதனால டிமிக்கி குடுத்த எனக்கு ஓசி, ஒழுங்கா வந்துட்டிருந்த என் ஃப்ரெண்டுக்கு பில்லு. என்ன லாஜிக்கோ போங்க.

இன்னொண்ணு, குச்சியோட எல்லாம் முடிஞ்சுடாது. வைரஸ்ல ரொம்ப ஆபத்தான 16, 18 வகை வந்தா நேரா கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸ் வெச்சு பெருசாக்கிப் பாக்கறது, வேற வகைன்னா திரும்ப வந்து ஸ்பெகுலம் வெச்சு செல் எடுத்தாகணும். வடக்குக் கோடில இருக்கறவங்களுக்கு அது கார், பெட்ரோல், ஒரு நாள் சம்பளம், புள்ளைய யார் பாத்துக்கறதுங்கற பிரச்சனை. அங்கயும் ஆன்ட்டிகிட்ட பேர் கூட கேக்காத அந்த டாக்டர் மாதிரி ஒருத்தர் உக்காந்திருந்தா பொம்பளைங்க மறுபடி காணாம போயிடுவாங்க.

ஆன்ட்டியும் ஒரு வழியா இந்தக் குச்சி டெஸ்ட் எடுத்தாங்க, வேற வகைதான் வந்துச்சு. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் மாவோரி கிளினிக் நர்ஸம்மா ஒருத்தங்க போன் பண்ணி அரை மணி நேரம் யாரு, எந்த ஊரு, யாரோட பேத்தின்னு மட்டும் பேசினாங்களாம், டெஸ்ட் பேச்சு கடைசிலதான். வெள்ளிக்கிழமை போறாங்க, தங்கச்சியும் கூட வர்றாளாம், அவளும் எடுக்கப்போறா. கார் நான்தான் ஓட்டறேன், லீவு சொல்லிட்டேன்.