பட்டிப்பூவும் மகரகமவில் ஏறிய ஊசியும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பட்டிப்பூச் செடிகள் எவரும் நடாமலே வளர்ந்து நிற்கின்றன. இந்தியாவில் இதனையே நித்தியகல்யாணி என்பார்கள். அண்ணாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியாகி, இரவு பஸ்ஸில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்த காலத்தில் அவருக்கு ஏற்றப்பட்ட மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது இந்தச் செடியிலிருந்து பெறப்படும் மருந்து என்பதை அப்போது வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அதே நாட்களில் உறவினர் ஒருவர், பட்டிப்பூ இலையை அரைத்துக் குடித்தால் ஊசியே தேவையில்லை என்று சொன்னதை நம்பி, இரண்டு சுற்றுச் சிகிச்சைகளுக்கு இடையில் அண்ணா அதைக் குடித்தார். வாந்தியும் தலைச்சுற்றும் வந்தன; வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்ததால் அடுத்த சுற்றும் தள்ளிப்போனது. எத்தனை இலை, எவ்வளவு சாறு என்று வைத்தியர் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அண்ணா இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூலிகைகளில் புற்றுநோய் மருந்தைத் தேடுவது நம் மண்ணிலும் நடக்கவேண்டிய பெரும்பணி என்றே நான் நம்புகிறேன். அதனாலேயே, இலையையும் மருந்தையும் ஒன்றென எண்ணுவதை எதிர்க்கிறேன்.

பட்டிப்பூவின் கதையே இதற்குச் சான்று. 1952இல் யமேக்காவிலிருந்து ஒரு பொதி இலைகள் கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் ரொபேர்ட் நோபிளின் கைக்கு வந்தன. யமேக்கா மக்கள் நீரிழிவுக்கு அந்த இலைத் தேநீரைக் குடித்து வந்தார்கள். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோதோ அவை கிருமித்தொற்றால் இறந்தன. காரணம் தேடியவர்கள், வெண்குருதிக் கலங்கள் சரிந்திருப்பதைக் கண்டார்கள். வெண்குருதிக் கலங்களை இப்படி வீழ்த்தும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோயில் பயன்படலாம் என்ற எண்ணம் அங்கேதான் எழுந்தது. நோபிளும் அவரது சக ஆய்வாளர் சார்ள்ஸ் பியரும் இந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் அறிவிக்கப்பட்டது. வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு புறமும் இழுக்கும் நுண்குழாய்கள் உருவாகாமல் இவை தடுக்கின்றன. இலையில் இருப்பதோ இவை இரண்டு மட்டுமல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலோயிட்டுகள், அதாவது செடி தானே ஆக்கும் வீரியமுள்ள இரசாயனங்கள், கலந்திருக்கின்றன. வின்கிரிஸ்டின் அவற்றுள் மிக மிகச் சிறிய பங்கு. அரைத்த சாற்றில் எது எவ்வளவு இறங்கியது என்று எந்தத் தாயாலும் அளந்து கொடுக்க முடியாது. நரம்பைப் பாதிக்கக்கூடிய ஒரு மருந்துக்கு அளவுதான் உயிர்.

பக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து இன்னும் நீண்ட வழி நடந்து வந்தது. 1962இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டை சேகரிக்கப்பட்டது. ஆய்வாளர்கள் மன்றோ வோலும் மன்சுக் வானியும் அதிலிருந்த இந்தச் சேர்வையின் கட்டமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். அது நுண்குழாய்களைக் குலையவிடாமல் இறுக்கி வைக்கிறது என்பதை 1979இல் சூசன் ஹோர்விட்ஸ் காட்டினார். சூலகப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் கிடைத்தது 1992இல். முப்பது ஆண்டுகள். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும் என்பதால், ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் கிடைக்கும் ஒரு சேர்வையிலிருந்து ஆய்வுகூடத்தில் அதனை ஆக்கும் வழியும் கண்டுபிடிக்கப்படவேண்டியிருந்தது.

ஆகவே, "இந்த இலை புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறது" என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. கண்ணாடித் தட்டில் வளரும் கலங்களைக் கடும் உப்புக்கரைசலும் கொல்லும், சவர்க்காரமும் கொல்லும். நல்ல கலங்களை விட்டுவைக்கிறதா, குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்கிறதா என்பவைதான் கடினமான கேள்விகள். மஞ்சளில் உள்ள குர்குமின் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுகிறது, ஏனெனில் உடல் அதனை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. முள்சீத்தா இலையில் உள்ள அனோனசின் மூளை நரம்புக் கலங்களுக்கும் நஞ்சாகக்கூடியது.

இதற்காக நம் பரியாரிமாரின் அறிவை ஒதுக்கச் சொல்லவில்லை. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை இனத்துக் கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்த கஷாயம் ஒன்று இலங்கையில் ஒரு வைத்தியக் குடும்பத்தின் வழிவழிக் கைமுறை. அதனை இலங்கை ஆய்வாளர்கள் எலிகளில் பரிசோதித்து, இரசாயனத்தால் தூண்டப்பட்ட ஈரல் புற்றுநோயை அது தடுப்பதாகக் கண்டார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வர இன்னும் எத்தனையோ படிகள் உண்டு. ஆனால் முதற்படி இந்த நாட்டிலேயே வைக்கப்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மூதூரிலும் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் பரியாரியார் இருந்த வீடுகளில் ஏடுகளும் கொப்பிகளும் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைப் பழைய கடதாசியோடு எரித்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வளாகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். செடியின் பெயரோடு, எந்தப் பகுதி, எந்த மாதத்தில் பறித்தது, பச்சையா உலர்த்தியதா, எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்பதையும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், பூவும் இலையுமாக ஒரு கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடத்தையும் குறித்து அதனோடு வைத்துவிடுங்கள்.