அந்த கேக்கைப் பற்றி

நேற்றிலிருந்து எல்லோர் டைம்லைனிலும் ஓடுகிற அந்த கேக் படத்தை நானும் பார்த்தேன். பையனுக்கு 18 முடிந்துவிட்டதாம், இனி ஜீவனாம்சம் கட்ட வேண்டாமாம், அதற்கு அப்பா கேக் வெட்டுகிறார். கிரீமில் 'விடுதலை' என்று எழுதியிருக்கிறது. என் நட்பு வட்டத்திலிருந்தே ஒன்பது பேர் ஹார்ட் விட்டிருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன், மன்னிக்கவும்.

சட்டப்படி சரிதானே என்கிறீர்கள். பாதி சரி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, இப்போது 2024 ஜூலையிலிருந்து அந்த இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144, இரண்டுமே பிள்ளை மேஜராகும் வரை என்றுதான் சொல்கின்றன. உடலாலோ மனதாலோ முடியாத பிள்ளைக்கு மட்டும் அதற்குப் பிறகும் உண்டு. ஆனால் 18 என்பது சட்டம் கிழித்த கோடுங்க. அன்றைக்கு ராத்திரியோடு பையனுக்குப் பசி நின்றுவிடுமா? செலவு என்று ஒன்று ஆரம்பிப்பதே அப்போதுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2001 வரை அந்த 125இல் தலைக்கு 500 ரூபாய்தான் உச்சவரம்பு. எங்களுக்கு அதுவும் இல்லை, எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 300. மாதம் 7ஆம் தேதி அம்மா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவாள். எனக்கு 18 ஆன மறுமாதம் 600 என்பது 300 ஆனது. தம்பிக்கு ஆனபோது அந்த வரியே இல்லை. அவன் அப்போது காலேஜ் முதல் வருஷம். "இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்க சார்" என்று அம்மா பாஸ்புக்கைத் திரும்ப நீட்டினாள். கவுண்டரில் இருந்தவரும் பாவம், அடித்துப் பார்த்தார். அதே இருப்பு. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டிய வாரத்திலிருந்து அம்மா கையில் கண்ணாடி வளையல்.

அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில் பிரிவு 20 என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமாகாத மகளுக்குச் சொந்த வருமானமோ சொத்தோ இல்லையென்றால் 18க்குப் பிறகும் கேட்கலாம், அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். 2020இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வாய்தாவுக்கு வாய்தா பணம் வாங்கிய எங்கள் வக்கீல் மட்டும் சொல்லவில்லை. 18 தாண்டிய மகனுக்கு அந்தப் பிரிவும் இல்லை. ஆனால் 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகனுக்கு 18 ஆனதோடு அப்பா கையைக் கழுவ முடியாது என்று சொல்லி, அவன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கும்வரை அம்மாவுக்கு மாதம் 15,000 தரச் சொன்னது. கேக் வெட்டியவருக்கு யாராவது இதை டேக் செய்யுங்கள்.

"அம்மாவும் சம்பாதிக்கிறாளே?" சம்பாதிக்கட்டும். ஜீவனாம்ச வழக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் சொன்ன 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். காட்டட்டுமே, யார் வேண்டாம் என்றது?

"பையன் பார்ட் டைம் வேலைக்குப் போகலாமே?" போனான். ராத்திரி கூரியர் ஆபீஸில் பார்சல் பிரித்துவிட்டு, காலையில் லேபில் தூங்கி விழுந்தான். மூன்று அரியர்.

"பிள்ளையைப் பார்க்கவே விடுவதில்லை, பணம் மட்டும் வேண்டுமா?" இது நியாயமான வலிதான், எனக்குப் புரிகிறது. அதற்குத் தனியாக மனுப் போடுங்கள், நானே கூட வருகிறேன். ஆனால் எங்கள் அப்பாவை யாரும் தடுக்கவில்லை. இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் வீடு. தம்பிக்கு 18 ஆன அன்றைக்கு ஒரு போன்கூட வரவில்லை. தேதி மட்டும் அவருக்கு எவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருந்திருக்கிறது பாருங்கள். அடுத்த மாதமே நிறுத்தத் தெரிந்ததே.

இனி கமெண்டில் வந்து "சொந்தக் கதையை வைத்துப் பொதுவாகப் பேசாதீர்கள் சகோதரி" என்பீர்கள். ஆமாம், சொந்தக் கதைதான். அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். 18 இருக்கிறது, விடுதலை இருக்கிறது, பையன் பேர் எங்கேயும் இல்லை.