வற்றல் வேறு, வடகம் வேறு

எண்ணெயில் போட்டால் பொரிகிற எல்லாவற்றையும் வற்றல் என்று அழைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. 'ஜவ்வரிசி வற்றல்' என்று பொட்டலத்தில் அச்சிட்டே விற்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை.

சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மிதுக்கங்காய் எல்லாம் வெயிலில் நீர் வற்றி, காய் காயாகவே மிஞ்சுவதால் வற்றல். மோரும் உப்பும் ஏற்றிக் காயவைத்தாலும் காயின் உருவம் போவதில்லை. கூழ் காய்ச்சியோ, உளுந்து அரைத்தோ, நாமாக ஓர் உருவம் கொடுத்துக் காயவைப்பது வடகம்.

திருநெல்வேலிப் பக்கத்தார் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். அங்கே அச்சில் பிழிந்த அரிசிக்கூழும் வற்றல்தான். பிராமண வீடுகளில் அதுவே வடாம். ஊர் வழக்கோடு எனக்கு வம்பில்லை; 'கூழ் வற்றல்' என்று அவர்கள் முழுப்பெயர் சொல்லும்போது குழப்பமும் இல்லை.

வடகத்துக்குள்ளேயே இன்னொரு வகை இருக்கிறது. தஞ்சாவூர், புதுச்சேரிப் பக்கம் வடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி உருட்டி, விளக்கெண்ணெய் தொட்டுப் பல நாள் காயவைப்பார்கள். வெயில் ஏறும் பங்குனி, சித்திரைதான் அதற்குக் காலம். இதைத் தனியாகப் பொரித்துத் தின்ன முடியாது. ஒரு துண்டு உதிர்த்து எண்ணெயில் போட்டால் மீன் குழம்புக்கும் கீரைக்கும் வேறு தாளிப்பே வேண்டாம். புதுச்சேரியில் இதை வடவம் என்பார்கள். அங்கிருந்துதான் 'வடுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலுக்குள் ஒரு மசாலாவாகப் போய்ச் சேர்ந்தது. பாரிஸ் சமையல்காரர் தெரிந்து வைத்திருப்பதை நம் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் தேடினால், கையில் அரிசி வடகத்தைத் திணிக்கிறார்கள்!

யாழ்ப்பாணத்தில் வேப்பம்பூவை உளுந்தோடு சேர்த்து வடகம் போடுவார்கள். அது சோற்றுக்குப் பொரித்துத் தொட்டுக்கொள்ள. வேப்பம்பூவை மட்டும் அப்படியே உலர்த்தி வைத்தால் யாரும் அதை வடகம் என்று சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். பேர் போன ஓர் உணவகத்தில் அண்மையில் 'வற்றல் குழம்பு' பரிமாறினார்கள். கிண்ணத்தின் அடிவரை துழாவினேன்; பூண்டும் வெங்காயமும்தான் கிடைத்தன. கேட்டதற்கு, "அதான் பக்கத்தில் பொரித்து வைத்திருக்கிறோமே" என்று இலையில் கிடந்த ஜவ்வரிசி வடகத்தைக் காட்டினார் பரிமாறியவர். நல்லெண்ணெயில் சுண்டைக்காய் கறுக்க வறுபட்டு, அதன் கசப்பு புளியில் இறங்கினால்தானே அது வற்றல் குழம்பு? அவர்கள் ஊற்றியதைப் பூண்டுக் குழம்பு என்று எழுதியிருந்தால் நானும் குறை சொல்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருப்பேன்.