மஸ்கி லூருக்குக் கனம் சேர்ப்பது தூரம் வீச அல்ல

ஏரித் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் அமெரிக்காவின் மினசோட்டாவில் என்னோடு மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க வரும் நண்பர்கள் சிலர் டிரில்லையும் ஈயத்தையும் கையில் எடுத்துவிடுகிறார்கள். பத்து அங்குல மர லூருக்குள், அதாவது மீன் மாதிரி செய்த பொய் இரைக்குள், ஈயத்தைத் திணித்தால் தூரமாகப் போய் விழும், ஆழமாகவும் இறங்கும் என்ற எண்ணம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஆழம் வேண்டுமென்றால் ஆழத்துக்கென்றே செய்த லூர் இருக்கிறது.

மஸ்கி பின்னாலேயே வரும் மீன். படகு வரைக்கும் லூரைத் தொடர்ந்து வந்து, பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விடும். கோடையில் வேகமாக ஓடும் இரையைத் துரத்தும். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனதும் அந்தச் சுறுசுறுப்பு குறைந்துவிடும். அப்போது ஜெர்க்பெய்ட்டை, அதாவது வெட்டி வெட்டி இழுக்கும் லூரை, ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தினால், கனமில்லாத மர லூர் சட்டென்று மேலே மிதந்து மீனின் பார்வையை விட்டுப் போய்விடுகிறது. கனம் சேர்ப்பது அந்த நிறுத்தத்தை நீட்டிக்கத்தான். சூயிக் என்ற ஜெர்க்பெய்ட்டிலேயே கனம் வைத்த வகை தனியாக விற்பதும் இதற்காகத்தான்.

முதல் வருடம் நானும் தப்புதான் செய்தேன். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு லூரின் வயிற்றில் துளை போட்டு, ஈயக்குண்டு வைத்து, எபாக்ஸிப் பசையால் அடைத்தேன். ஏரியில் போட்டால் கல் மாதிரி இறங்கியது. இடமும் வலமும் வெட்டித் திரும்பும் அந்த ஆட்டம் போயே போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இப்போது டிரில்லைக் கடைசியில்தான் தொடுகிறேன். தூண்டில் முள், வளையம், மீன் பல்லில் நூல் அறுபடாமல் இருக்க நுனியில் கட்டும் கம்பி லீடர் எல்லாவற்றையும் மாட்டியபிறகுதான் சோதனை, ஏனென்றால் அவையும் கனம்தான். சோதிப்பதும் ஏரியில்தான். தண்ணீர் 39 டிகிரி வாக்கில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். வீட்டுத் தொட்டி வெந்நீரில் அசையாமல் நின்ற லூர் குளிர்ந்த ஏரியில் மேலே வந்துவிடும். முள்ளின் தண்டில், உலோகத்தைப் பற்றவைக்கப் பயன்படும் சால்டர் கம்பியை ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிப் பார்க்கிறேன். முன் முள்ளில் கூடினால் மூக்கு குத்தி இறங்கும், பின் முள்ளில் கூடினால் வால் தொங்கி ஆட்டம் கெடும். இழுத்து விட்டதும் படுத்தவாக்கில், மெல்ல மெல்ல மேலே வந்தால் போதும். முழுசாக நின்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. நாலைந்து முறை மீன்பிடிக்கப் போய் மனசுக்குத் திருப்தியான பிறகு, அதே எடையை வயிற்றுக்குள் வைக்கலாம். உள்ளே வைக்க டங்ஸ்டன் நல்லது. விலை அதிகம்தான், ஆனால் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி என்பதால் சின்னத் துளையே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முள்ளில் ஈயக் கம்பி சுற்றாதீர்கள். இந்த மாநிலத்தின் பறவை லூன் என்ற நீர்ப்பறவை. இரையை அரைக்க அது ஏரியடியில் கிடக்கும் கூழாங்கற்களை விழுங்கும். கூடவே நாம் தொலைத்த ஈயத்துண்டும் உள்ளே போனால் விஷமேறிச் செத்துப்போகும். பாறையில் உரசும் முள்ளிலிருந்து கம்பி எப்போது கழன்று விழும் என்று யாருக்கும் தெரியாது. ஹார்டுவேர் கடையில் சால்டர் கேட்கும்போது குடிநீர்க் குழாய் வேலைக்கான சுருளைக் கேட்டு வாங்குங்கள், அதில் ஈயம் இருக்காது. எலக்ட்ரானிக்ஸ் சால்டர் பலவற்றில் இன்னும் ஈயம் உண்டு, அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள்.